புது பேட்டரி வாங்கும் முன்

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஒரு முறை முனகிவிட்டு 'டக்' என்று நின்றுவிடுகிறது. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்தால் அன்றைய பொழுது ஓடிவிடும். மறுநாள் காலை மறுபடி அதே முனகல். அம்பாசடர், பத்மினி, மாருதி 800 என்று வயதான வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. அடுத்து நடப்பதும் புதிதல்ல. பேட்டரிக் கடைக்குப் போவார்கள், புதிது வாங்கி மாட்டுவார்கள், கொஞ்ச நாள் வண்டி சமர்த்தாக ஓடும், பிறகு புது பேட்டரியும் படுத்துவிடும்.

பேட்டரி இதில் பெரும்பாலும் அடி வாங்குகிற ஆள்தான். அடித்தவர் வேறு யாரோ. அதற்குச் சார்ஜ் வந்து சேராமல் இருக்கலாம். வந்து சேர்ந்தது ராத்திரியோடு ராத்திரியாக எங்கோ ஒழுகிப் போகலாம். அல்லது நிஜமாகவே அதன் ஆயுள் முடிந்திருக்கலாம். இந்த மூன்றும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்க்க வேண்டியது சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று, அரை மணி நேரப் பொறுமை. மீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம். பானெட்டுக்குள் குனிவதற்கு முன் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

முதலில் பேட்டரி. வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் எதையும் போடுவதற்கு முன் அளப்பது நல்லது. 12 வோல்ட் பேட்டரி என்று சொன்னாலும் உள்ளே 6 செல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆகவே முழுச் சார்ஜில் இருப்பது 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12 காட்டினால் 'சரியாகத்தானே இருக்கிறது' என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது கால்வாசிதான். வண்டியை நிறுத்திய கையோடு அளந்தால் கணக்கு தப்பும். சார்ஜ் ஏறி முடித்த பேட்டரி கொஞ்ச நேரத்துக்கு இல்லாத தெம்பைக் காட்டும். காத்திருக்க முடியாதென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம்.

அடுத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் நல்ல பேட்டரி, செல்ஃப் சுற்றும்போதும் 10 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும். நின்றபோது 12.6 காட்டியது, செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று சரிந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் ஏற்கெனவே 12.1-ல் கிடந்த பேட்டரி சரிந்ததை வைத்து அதன்மேல் பழி போடக் கூடாது. வெளியே சார்ஜரில் போட்டு நிறைய ஏற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். 50 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 5 ஆம்பியரில், ராத்திரி முழுக்க. ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்கிற கடை வேண்டாம்.

மூடி திறக்கிற பழைய வகைப் பேட்டரியில் இன்னொரு வசதி உண்டு, ஹைட்ரோமீட்டர். முழுச் சார்ஜில் ஆசிட்டின் அடர்த்தி 1.24-க்கும் 1.28-க்கும் இடையில் இருக்கும். ஆறு செல்லிலும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் பேட்டரிக்குப் பசி, அவ்வளவுதான். ஐந்தில் 1.25 இருந்து ஒன்றில் மட்டும் 1.15 என்றால் அந்தச் செல் போய்விட்டது, அதோடு பேட்டரியும். தண்ணீர் குறைவதையும் கவனியுங்கள். ஒரு செல்லில் மட்டும் அடிக்கடி குறைந்தால் அந்தச் செல்லில் கோளாறு. எல்லாச் செல்லிலும் மளமளவென்று குறைந்து, பானெட்டைத் திறந்தால் அழுகின முட்டை வாசனை அடித்தால், சார்ஜ் ஏறாதது பிரச்சினையில்லை, ஏறுவது அதிகம். ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. வீட்டு ஆர்ஓ தண்ணீர் அதற்கு ஈடாகாது.

இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரியின் இரண்டு போஸ்டிலும் மீட்டரை வையுங்கள். ஆல்டர்நேட்டர் உள்ள வண்டியில் 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். அதோடு திருப்திப்பட்டு மூடிவிடாமல் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் என்று இருப்பதையெல்லாம் போட்டுப் பாருங்கள்; அப்போதும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போதும் 12.4-லேயே நின்று, மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவே இல்லை. 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரி கொதித்துச் சாவதற்கு முன் அதை மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் சில மெக்கானிக்குகள் செய்யும் ஒரு வித்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்குவார்கள். இன்ஜின் நிற்காமல் ஓடினால் 'டைனமோ நல்லா இருக்கு சார்' என்பார்கள். நிஜமான டைனமோ இருந்த காலத்து வண்டிகளில் இது ஓரளவு தப்பிக்கும். ஆல்டர்நேட்டரில் டயோடுகள் இருக்கின்றன. பேட்டரி திடீரென விலகியதும் வோல்டேஜ் கண நேரத்துக்குப் பல மடங்கு எகிறும். டயோடு, ரெகுலேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன் எது வேண்டுமானாலும் போகலாம். நல்லதாக இருந்த ஆல்டர்நேட்டர் இந்தச் சோதனையாலேயே கெட்டுப்போவது உண்டு. உங்கள் வண்டியில் யாராவது கை வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள், மரியாதை குறைந்தாலும் பரவாயில்லை.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டால் உடனே ஆல்டர்நேட்டரைக் கழற்றாதீர்கள். பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதிகம் அமுங்கினால் தளர்ச்சி. கல்லுப்போல இருந்தால் அதுவும் தப்பு, பேரிங் போய்விடும். ஹெட்லைட் போட்டதும் 'கீச்' என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. வி பெல்ட் இரண்டு பக்கச் சுவரால்தான் புல்லியைப் பிடிக்கும். அடிப்பாகம் தொடக் கூடாது. புல்லியின் பள்ளத்தில் அடிமட்டம் பளபளவென்று தேய்ந்து மின்னினால் பெல்ட் உள்ளே இறங்கிவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் இனி அது பிடிக்காது.

பிறகு டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு. சாவியைப் போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் கோளாறு என்பது எல்லாருக்கும் தெரியும். சாவி போட்டதும் எரியவே இல்லையென்றால்? 'நல்லதுதானே' என்று விட்டுவிடுவார்கள். பல ஆல்டர்நேட்டர்களில் இந்த விளக்கின் வழியாக வரும் சிறு மின்னோட்டம்தான் உள்ளே சுழலும் ரோட்டாரைக் காந்தமாக்கித் தொடக்கம் தருகிறது. பல்பு ஃபியூஸ் போனால், அல்லது அந்த மெல்லிய ஒயர் அறுந்தால், ஆல்டர்நேட்டர் புத்தம் புதிதாக இருந்தும் சார்ஜ் கொடுக்காது, அல்லது இன்ஜினை நன்றாக முறுக்கினால்தான் கொடுக்கும். ஒரு சின்ன பல்புக்காக ஆல்டர்நேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

பெல்ட்டும் விளக்கும் சரி என்றால், பழைய வண்டியில் அடுத்து என் சந்தேகம் ஒயர்மேல்தான். இருபது, முப்பது வருட மழையும் வெயிலும் எண்ணெயும் பார்த்த ஒயர் முனைகள். இங்கேதான் மீட்டர் வைத்திருப்பவர்கள்கூட ஏமாறுகிறார்கள். ஒரு தடித்த கேபிளில் உள்ள செப்பு இழைகள் பச்சை பூத்து அற்றுப்போய் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டரில் 12.6 வோல்ட் முழுசாகக் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம். அதே கேபிளில் 20 ஆம்பியர் போக வேண்டி வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயிலும் திருகை மூடியிருக்கும் வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். ஆகவே லோடு கொடுத்துவிட்டு, ஒயரின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒயரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

செய்வது இப்படி. இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரின் சிவப்பு முனை ஆல்டர்நேட்டரின் பின்னால் தடித்த ஒயர் பிடித்திருக்கும் போல்ட்டில். கறுப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்டில், அதாவது கிளாம்பில் அல்ல, கிளாம்புக்கு நடுவே தலை நீட்டும் ஈயத்திலேயே. 0.2 அல்லது 0.3 வோல்ட் வரை இருந்தால் போகட்டும். 0.6 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு முனையை அசைக்காமல், கறுப்பை ஈயத்திலிருந்து கிளாம்புக்கு மட்டும் நகர்த்துங்கள். 0.1-க்கு இறங்கிவிட்டதா? மீதி 0.5 வோல்ட் போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கறுப்புப் படலத்தில் கரைகிறது. 20 ஆம்பியர் அந்த வழியாகப் போனால் அங்கே மட்டும் 10 வாட் சூடு; கை வைத்தால் தெரியும். இறங்கவில்லை என்றால் கறுப்பு முனையை அடுத்த இணைப்புக்கு, செல்ஃப் சொலினாய்டு போல்ட்டுக்கு, அதற்கடுத்ததற்கு என்று பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போங்கள். எண் எங்கே திடீரென விழுகிறதோ அங்கே திருடன்.

அரை வோல்ட்தானே என்று தோன்றும். பழைய ஆல்டர்நேட்டர்கள் பலவற்றில் ரெகுலேட்டர் தன் வாசலில் உள்ள வோல்டேஜைத்தான் பார்க்கிறது. அங்கே 14.2 வந்ததும் போதும் என்று நிறுத்திக்கொள்ளும். வழியில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.6. அந்த அளவில் வண்டி நாள் முழுக்க ஓடினாலும் பேட்டரி நிறையாது. அரைகுறைச் சார்ஜிலேயே கிடக்கும் ஈயத் தட்டுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிப்போகும். புது பேட்டரி படுப்பதன் பின்கதை பல நேரம் இதுதான்.

எர்த் பக்கமும் இதே சோதனை: ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்டில், இன்னொன்று ஆல்டர்நேட்டரின் உடம்பில். 0.2-க்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்குகள்மேல் உட்கார்ந்திருக்கிறது; ரப்பரில் மின்சாரம் பாயாது. இன்ஜினையும் சேஸியையும் இணைப்பது பின்னல்போட்ட ஒரு எர்த் பட்டை. கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கிய பிறகு இந்தப் பட்டையை மாட்ட மறந்துவிடுவது, அல்லது பெயிண்ட்டின்மேலேயே போல்ட் போட்டு முறுக்கிவிடுவது, பட்டறைகளில் சகஜம். அப்போது செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், எது இரும்போ அது. செல்ஃப் அடிக்கும்போது சோக் பிடி சுட்டாலோ புகைந்தாலோ எர்த்தைத்தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஜம்ப்பர் கேபிள் ஒன்றை பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் கடித்து வைத்துப் பாருங்கள்; செல்ஃப் உயிர் பெற்றுச் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது.

டெர்மினல்களில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பவுடர் பூத்திருந்தால் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துப் போய்விடும். செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். போஸ்டையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலாக வாசலின் தடவுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால்தான் ஆல்டர்நேட்டர் குற்றவாளி. பெரும்பாலும் கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர். இரண்டும் மலிவான வேலைகள். டயோடு கோளாறு கொஞ்சம் தந்திரமானது. மூன்று கட்டமாக உற்பத்தியாகும் ஏசி மின்சாரத்தை டிசியாக்க 6 முதன்மை டயோடுகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றவை இழுத்துக்கொண்டு ஓடும். பகலில் எல்லாம் சரி, ராத்திரி ஹெட்லைட் போட்டால் வோல்டேஜ் தாக்குப்பிடிக்காது. சார்ஜ் விளக்கு முழுசாக எரியாமல் மங்கலாகக் கனன்றால் டயோடைச் சந்தேகியுங்கள். மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றி பேட்டரியில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டக் கூடாது என்பது கணக்கு. ஆனால் மலிவான மஞ்சள் மீட்டர்கள் பல, ஏசி நிலையில் பேட்டரியின் டிசியையே 25, 30 என்று உளறும். முதலில் இன்ஜின் ஓடாத வண்டியில் வைத்துப் பாருங்கள். அப்போதே எண் காட்டினால் அந்த மீட்டரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள்.

டயோடு இன்னொரு விதமாகவும் கெடும்: திறந்துகொள்வதற்குப் பதில் ஒழுகத் தொடங்கும். நின்ற வண்டியில் பேட்டரியிலிருந்து ஆல்டர்நேட்டருக்குள் மின்சாரம் திரும்பப் பாயும். இதற்கு மீட்டர்கூட வேண்டாம். காலையில் பானெட்டைத் திறந்ததும் ஆல்டர்நேட்டரைத் தொடுங்கள். இன்ஜின் எல்லாம் குளிர்ந்திருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் ராத்திரி முழுக்கக் குடித்திருக்கிறது.

ராத்திரி ஒழுகலை அளக்க, எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். சிவப்பு ஒயரை மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். மாற்றிய பிறகு தவறியும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் புகைந்துவிடும். கடிகாரமும் ரேடியோவும் உள்ள வண்டியில் 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பாதகமில்லை. ஒன்றுமே இல்லாத பழைய வண்டியில் பூஜ்யம் வர வேண்டும். டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஏறக்குறைய 0.4 ஆம்பியர் குடிக்கும். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-ஹவர். மூன்று நாள் வெளியூர் போய் வந்தால் 50 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதிக்கும் மேல் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த லைனில்தான் ஒழுகல். எந்த ஃபியூஸுக்கும் அசையாவிட்டால் ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அது ஃபியூஸ் வழியாக வருவதில்லை. பழைய வண்டியில் யாரோ எப்போதோ பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்துவிட்ட ஹாரன் ஒயர், மியூசிக் சிஸ்டம் ஒயர் இருந்தால் அதற்கும் ஒரு கண்.

டைனமோ உள்ள வண்டிகள் தனிக் கதை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியாகக் கொண்டு வந்த ஆரம்பகால அம்பாசடர் போன்றவற்றில் டைனமோவோடு ஒரு கன்ட்ரோல் பாக்ஸ் இருக்கும். கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் அதற்குள். ஐட்லிங்கில் இவை சார்ஜ் கொடுப்பதில்லை, அது கோளாறும் இல்லை. சிக்னலில் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டைனமோவைத் தனியாகச் சோதிக்க, 'டி', 'எஃப்' என்ற இரண்டு ஒயர்களையும் டைனமோவிலிருந்து கழற்றி, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்து, இன்ஜினை ஐட்லிங்கிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். வோல்டேஜ் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். 20-ஐத் தொடும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றுமே வராவிட்டால் கார்பன். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் ஃபீல்ட் காயில். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். 20 நன்றாக வந்தால் டைனமோ சரி, கன்ட்ரோல் பாக்ஸையும் இடையிலுள்ள ஒயர்களையும் பாருங்கள். 1960-களின் பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மீட்டரின் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் திகைக்க வேண்டாம்.

எல்லாம் நன்றாக இருந்தும் பேட்டரி இறங்கும் வண்டிகளும் உண்டு, கேட்பது கொடுப்பதைவிட அதிகம் என்பதால். அந்தக் கால லூகாஸ் டைனமோ ஒன்றின் உச்சபட்ச உற்பத்தி 22 ஆம்பியர். 60 வாட் ஹெட்லைட் இரண்டு 10 ஆம்பியர், இக்னிஷன் 3 அல்லது 4, வைப்பர் 3 அல்லது 4, டெயில் லைட் வகையறா 2. நவம்பர் மழை ராத்திரியில் ஏறக்குறைய மொத்தமும் செலவு. இதில் ஒருவர் 100 வாட் ஹாலஜனும் ஏர் ஹாரனும் மாட்டினால் எந்தப் பேட்டரி நிற்கும்? டைனமோவைக் கழற்றி ஆல்டர்நேட்டர் மாட்டுவது நியாயமான தீர்வு; ஆனால் அதன் தடித்த ஒயரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பழைய ஒயரோடு ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டி என்றால் மொத்த மின்னோட்டமும் டாஷ்போர்டுக்குள் போய்த்தான் திரும்பும். அங்கே ஒரு நட்டு தளர்ந்தாலும் ஒயர் உருகும்.

கடைசியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டி வந்தால் உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'சார்ஜ் ஏறலண்ணே' என்பதற்கும் 'ஓடும்போது 12.3 அண்ணே, பெல்ட், லைட், எர்த் எல்லாம் பார்த்தாச்சு' என்பதற்கும் அவர் தருகிற பதிலில் வித்தியாசம் தெரியும். லூகாஸ் வகைச் சாமான்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சென்னைப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-லிருந்து இருக்கிறது, புதுப்பேட்டையில் தேடினால் பழையதும் அகப்படும். வேலை முடிந்த ஆல்டர்நேட்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன் 'பெஞ்ச்சுல போட்டு லோடு குடுத்து ஓட்டிக் காட்டுங்கண்ணே' என்று கேளுங்கள். மாட்டிய பிறகு செத்த பேட்டரியை அதை வைத்தே நிரப்பப் பார்க்காதீர்கள். காலியான பேட்டரி முழு மின்னோட்டத்தையும் மணிக்கணக்கில் இழுத்து, ரிப்பேர் செய்த ஆல்டர்நேட்டரையே சூடேற்றிவிடும். சார்ஜரில் ஏற்றிய பேட்டரியோடு வண்டியை எடுத்து, ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு அந்த 13.5-ஐ அங்கேயே ஒரு முறை பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.